கட்டப்போவதில்லை, வரைய மட்டும் ஆசை: கட்டடக்கலையைப் பொழுதுபோக்காக எப்படி எடுத்துச் செல்வது?

கோடுகிறுக்கி:

வணக்கம். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, இனிமேல் படித்து ஆகப்போவதும் இல்லை. கணக்கு எழுதுகிற உத்தியோகம், வயது 42. ஆனால் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கட்டம் போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டு பிளான் வரைய ஆரம்பித்தால் மணி ஒன்றானாலும் எழுந்திருக்க மனசு வராது. நான்கு வருஷமாக இதே கதைதான். மலைச்சரிவில் ஒரு வீடு, ஒரே ஆள் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு ஓர் அறை, நடுவில் மரத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கட்டிய பள்ளிக்கூடம், தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு நூலகம் என்று மூன்று நோட்டு நிரம்பிவிட்டது. இதில் எதையும் கட்டப்போவதில்லை. இடமும் இல்லை, பணமும் இல்லை, உண்மையைச் சொன்னால் கட்டவேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லை. வரையும்போது அந்த வீட்டுக்குள் நடந்துபோகிற மாதிரி ஒன்று வருமே, அதற்காகத்தான் எல்லாம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், போன வாரம் மூன்று நோட்டையும் வரிசையாகப் புரட்டிப் பார்த்தேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் சலித்துவிட்டது. எல்லாமே ஒரே வீடு. பெரிய ஹால், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, மூலையில் வளைந்து ஏறுகிற படிக்கட்டு. பள்ளிக்கூடத்திலும் அதே படிக்கட்டு! போதாததற்கு, கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிற நண்பர் ஒருவரிடம் தைரியமாகக் காட்டிவிட்டேன். அவர் படிக்கட்டின் மேல் விரலை வைத்து, "இதில் ஆள் ஏறணுமா, பூனை ஏறணுமா" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு என்று அவரும் சொல்லவில்லை, வெட்கத்தில் நானும் கேட்கவில்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது, இதை ஒழுங்காகச் செய்ய எங்கே தொடங்குவது? காகிதமா, கம்ப்யூட்டரா? ஏதாவது கோர்ஸில் சேரவேண்டுமா? கட்டாத வீட்டை வரைந்து என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள்.


பழையபென்சில்:

தம்பி என்று கூப்பிடலாம் இல்லையா, எனக்கு 66. வரைபட மேசையில் 30 வருஷம் உட்கார்ந்தவன், ஆர்க்கிடெக்ட் இல்லை, டிராஃப்ட்ஸ்மேன். அவர்கள் கிறுக்கிக் கொடுத்ததை அளவோடு வரைந்து கொடுப்பது என் வேலை.

நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஒரு டேப் எடுத்துக்கொண்டு, இப்போது எந்த அறையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ அந்த அறையை அளந்து வரையுங்கள். சிரிக்காதீர்கள். புது வீடு வரைவதைவிட இது கஷ்டம், செய்து பார்த்தால் தெரியும்.

முதலில் கையாலேயே குத்துமதிப்பாக அறையின் உருவத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், அளவுகளை அதன் மேல் எழுதலாம். ஒரு சுவரை அளக்கும்போது மூலையில் பூஜ்யத்தை வைத்துவிட்டு டேப்பை எடுக்காமலே கதவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஜன்னல் எங்கே, அடுத்த மூலை எங்கே என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகவேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அரை சென்டிமீட்டர் ஏமாற்றி, கடைசியில் சுவர் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அறை கோணல் இல்லாமல் நிற்கிறது. பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கதவுநிலையில் நின்று சுவரின் தடிமனை அளங்கள். ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு, மேல்விளிம்பு எவ்வளவு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வரைய 1:50 வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். பிளான் என்பது கூரையைத் தூக்கிவிட்டு மேலிருந்து பார்ப்பது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைப் படுக்கையாக அறுத்துவிட்டு, மேல்பாதியை எடுத்து வைத்துவிட்டுக் கீழே பார்ப்பதுதான் பிளான். அறுபட்ட சுவர் தடித்த கோடு. அறுபடாமல் கீழே தெரிகிற கட்டில், மேசை, படி எல்லாம் மெல்லிய கோடு. இந்த ஒரு வித்தியாசம் வந்துவிட்டால் உங்கள் வரைபடம் சட்டென்று வேறு மாதிரி ஆகிவிடும், பாருங்கள். உங்கள் நோட்டை நான் பார்க்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எல்லாக் கோடும் ஒரே தடிமனாகத்தான் இருக்கும். சுவருக்கு ஒற்றைக் கோடுதான் போட்டிருப்பீர்கள்.

அறையை வரைந்து முடித்ததும் உடம்பைப் பார்க்க ஆரம்பியுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் போகிறீர்களே, அங்கே எவ்வளவு? 45, 50 சென்டிமீட்டர் இருக்கும். ஓர் ஆள் தாராளமாக நடக்க 90 வேண்டும், எதிரும் புதிருமாக இரண்டு பேர் இடிக்காமல் போக 120. தரையிலிருந்து நாற்காலி உட்காரும் இடம் 45 உயரம், மேசை 75. இப்படி ஒரு சின்ன நோட்டில் உங்கள் அளவுகளை எழுதிக்கொண்டே வாருங்கள். லெ கோர்பூசியே என்ற கட்டடக்கலை மேதையே கடைசியில் இதற்குத்தான் வந்து சேர்ந்தார். 1.83 மீட்டர் உயரமான ஒரு மனிதன், கையைத் தூக்கினால் 2.26, இதை வைத்துத்தான் அவர் மாடுலர் என்று ஓர் அளவுமுறையே செய்தார். தெற்கு பிரான்ஸில் கடலோரம் 1952-ல் தனக்கென்று கட்டிக்கொண்ட மரக்குடிலின் உள்ளளவு 3.66-க்கு 3.66, உயரம் 2.26. இரண்டு ஆள் நீளம், கை தொடுகிற கூரை. உலகம் முழுக்கப் பெரிய பெரிய கட்டடம் போட்ட மனிதர் கோடைக்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

இன்னொன்று, அடியா மீட்டரா, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். சுவரை அடியிலும் கதவை சென்டிமீட்டரிலும் எழுதி, நடுவில் நான் கிடந்து அல்லாடியது ஒரு ஆயுளுக்குப் போதும்.


மூன்றாம்மாடி:

பழையபென்சில் ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்றுவதற்கில்லை. நான் இந்தத் தொழிலில் 18 வருஷமாக இருக்கிறேன், அந்தப் பூனைப் படிக்கட்டுக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பாவம் நீங்கள் ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் கால் நோகாது, ஆக 18 படி. கால் வைக்கிற மிதி 28 சென்டிமீட்டர். நேராக ஏறினால் 17 மிதி வரும் (கடைசி ஏற்றத்துக்கு மிதி மேல்தளமேதான்), 17-ஐ 28-ஆல் பெருக்குங்கள், 4.76 மீட்டர். கிட்டத்தட்ட ஓர் அறையின் நீளம்! பாதியில் திரும்பி ஏறுகிற படியென்றால் எட்டு மிதிக்கு 2.24, திரும்பும் மேடைக்கு ஒரு மீட்டர், ஆக 3.24 நீளம், அகலத்துக்கு இரண்டு மீட்டராவது. நீங்கள் மூலையில் ஒன்றரைக்கு ஒன்றரை ஒதுக்கி அழகாக ஒரு சுருள் போட்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். சுருளில் நடுத்தூணை ஒட்டி மிதி கூம்பிப்போகும், அங்கே கால் வைக்க முடியாது, கொஞ்சம் தள்ளி நடக்கிற பாதையில்தான் மிதியின் அகலத்தைக் கணக்குப் பார்க்கவேண்டும். அப்புறம் தலை. படியில் எங்கே நின்றாலும் தலைக்கு மேல் 2 மீட்டராவது காலியாக இருக்கிறதா என்று பிளானைப் பார்த்துச் சொல்லவே முடியாது. செக்‌ஷன் வரைந்தால்தான் தெரியும், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக அறுத்துப் பக்கவாட்டில் பார்ப்பது. நோட்டில் எத்தனை செக்‌ஷன் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

17-உம் 28-உம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிள்ளை கேட்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஃபிரான்ஸுவா புளோந்தெல் என்ற கட்டடக்கலைஞர் போட்ட கணக்கு அது. சமதளத்தில் ஒரு எட்டு வைத்தால் அறுபத்துச் சொச்சம் சென்டிமீட்டர், காலைத் தூக்கிவைப்பது முன்னால் வைப்பதைப்போல இரண்டு மடங்கு சிரமம், ஆகவே படி உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியின் அகலத்தைக் கூட்டினால் அந்த ஒரு எட்டுக்குச் சமமாக இருக்கவேண்டும். 60-லிருந்து 65 வரை வந்தால் நல்ல படி. இன்று வரைக்கும் நாங்கள் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டுப் படியை அளந்து இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், எந்தப் படியில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, அந்த வீடுகளில் யாருமே குடியிருக்கவில்லை. எங்களுக்கு வாடிக்கையாளர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்து, முடியாது, பிடிக்காது, என் அம்மாவுக்கு முட்டி வலி, இந்தப் பக்கம் கழுகு மாதிரி எட்டிப்பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் என்று அடுக்குவார். சில நாள் அவரை மாடியிலிருந்து தள்ளிவிடலாமா என்று தோன்றும். ஆனால் நல்ல யோசனை எல்லாம் அந்த மாதிரி ஆளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான் வந்திருக்கிறது. ஆகவே ஓர் ஆளை உருவாக்குங்கள். சும்மா நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் போதாது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, ஒரே வீட்டைப் பகிரவேண்டும். அல்லது பியானோ சுருதி சேர்ப்பவர். அல்லது காது கேளாத ஒரு தம்பதி.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைகையில் பேசிக்கொண்டே நடக்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும், கைகளுக்கும் இடம் வேண்டும், அவர்களுக்கு 120 நடைவழி போதாது. முன்னால் பார்க்காமல் நடப்பதால் நடைவழித் திருப்பத்தில் முனை கூர்மையாக இருந்தால் எதிரே வருபவர்மேல் மோதுவார்கள், அங்கே முனையை மழுக்கவேண்டும், அல்லது கண்ணாடி வைக்கவேண்டும். பேசுகிறவரின் முதுகுப் பக்கம் பெரிய ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துப்போய் உதடும் கையும் தெரியாது. பார்த்தீர்களா, உங்கள் கண்ணாடிச் சுவர் இங்கே எதிரியாகிவிட்டது! இது என் கற்பனை இல்லை. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லடெட் பல்கலைக்கழகம் இதையெல்லாம் டெஃப்ஸ்பேஸ் என்ற பெயரில் வடிவமைப்பு நெறிகளாகவே தொகுத்து வைத்திருக்கிறது.

ஆளுக்கு அடுத்தது இடம். காலி வெள்ளைத்தாளில் வரையாதீர்கள். உண்மையிலேயே எங்கோ இருக்கிற ஒரு மனையை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள், கோணல்மாணலாக இருந்தால் இன்னும் நல்லது. வடக்கைக் குறியுங்கள். ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ததாவோ ஆண்டோ 1976-ல் ஒசாகாவில் கட்டிய அந்தச் சின்ன வரிசைவீட்டின் பிளானைத் தேடிப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கு நடுவே இடுக்கு மாதிரி ஒரு மனை. அதை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்து நடுத்துண்டை வானத்துக்குத் திறந்து விட்டுவிட்டார். மழை பெய்தால் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் குடை பிடித்துத்தான் போகவேண்டும். குடியிருக்கச் சொன்னால் நான் யோசிப்பேன், ஆனால் அந்த பிளானை இத்தனை வருஷத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவரைச் சொன்னதால் உங்கள் கோர்ஸ் கேள்விக்கும் பதில் ஆகிவிட்டது. ஆண்டோ குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், கட்டடக்கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். பழைய புத்தகம் ஒன்றில் இருந்த கோர்பூசியேவின் வரைபடங்களைப் பக்கம் கறுத்துப்போகும் வரை திரும்பத் திரும்ப மேலே காகிதம் வைத்துப் படியெடுத்தே கற்றுக்கொண்டார், 1995-ல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார். படியெடுப்பதை யாரும் கேவலமாக நினைக்கவேண்டாம், சமையலில் ருசி பார்ப்பது மாதிரிதான் அது. ஆனால் ஒரு எச்சரிக்கை. யாராவது ஆசைப்பட்டு உங்கள் வரைபடத்தை வைத்துக் கட்டக் கிளம்பினால் அந்த நிமிஷமே நிறுத்தி, உரிமம் உள்ளவரிடமும் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரிடமும் அனுப்பிவிடுங்கள். பல நாடுகளில் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதற்கே சட்டம் இருக்கிறது. காகிதத்தில் பீம் தொங்கினால் அழிப்பான் போதும்.


பிக்சல்பித்தன்:

எல்லாரும் பென்சிலுக்கே மாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். கோடுகிறுக்கி கேட்டது உள்ளே நடக்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று. அதை 1:50 பிளானில் பார்க்க ஐயாவுக்கு 30 வருஷப் பழக்கம் இருக்கிறது, நமக்கு இல்லை. ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை இணையத்திலேயே இலவசமாக ஓட்டலாம். ஒரு செவ்வகம் போட்டு மேலே இழுத்தால் அறை எழுந்து நிற்கும். கண்மட்டத்தை 1.6 மீட்டரில் வைத்துவிட்டு உள்ளே நடந்து பாருங்கள், ஹால் எவ்வளவு அபத்தமாகப் பெரிது என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு பொருளையும் வரைந்த உடனே குரூப் செய்துவிடவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேசையை நகர்த்தினால் தரையும் கூடவே வரும். முதல் மாதம் எனக்கு வந்த கோபத்தில் பாதி இதனால்தான்.

பிளெண்டரும் இலவசம், வெளிச்சம் பிரமாதமாக வரும், ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும். தரைபிளான் மட்டும் போதும் என்றால் ஸ்வீட் ஹோம் 3டி. சின்னப் பசங்களோடு சேர்ந்து செய்வதென்றால் மைன்கிராஃப்ட்கூடத் தப்பில்லை, என்ன, அதில் ஒரு கட்டை ஒரு மீட்டர், சுவர் எல்லாம் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும்.

ஆனால் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டரில் எல்லாமே சீக்கிரம் அழகாகிவிடும். தண்ணீர், புல், சாயங்கால வெயில் எல்லாம் ரெடியாகக் கிடைக்கும், மட்டமான வீட்டைக்கூட அது காப்பாற்றிவிடும். ஒரு வருஷம் நான் செய்தது எல்லாம் சாயங்கால வெயில்தான், வீடு இல்லை.


வழிப்போக்கன்:

வீட்டில் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். சண்டிகரில் சாலை ஆய்வாளர் வேலை பார்த்த நேக் சந்த் 1957-லிருந்து யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள், உடைந்த பீங்கான், பழைய இரும்பு, கல் என்று குப்பையைச் சேர்த்துச் சேர்த்து ஒரு ராஜ்யமே கட்டினார். அரசாங்க நிலம், அனுமதி கிடையாது. கண்டுபிடித்தவர்கள் இடித்திருக்கவேண்டும், 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கோர்பூசியே திட்டம் போட்டுக் கொடுத்த ஊரில் ஜனம் வரிசையில் நின்று பார்ப்பது இவருடைய பாறைத் தோட்டத்தை. நேக் சந்தையும் பயன் என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். நீங்கள் நோட்டோடுதான் நிற்கிறீர்கள், காட்டைப் பிடிக்கவில்லை என்று வீட்டில் சொல்லுங்கள்.


அட்டைவீடு:

பென்சிலும் இல்லை கம்ப்யூட்டரும் இல்லை, அட்டை. 2 மில்லிமீட்டர் தடிமனான அட்டை, ஒரு கூர்மையான கத்தி, இரும்பு ஸ்கேல், வெள்ளைப் பசை, அவ்வளவுதான். 1:50-இல் இரண்டு அட்டையை ஒட்டினால் 4 மில்லிமீட்டர், அது 20 சென்டிமீட்டர் சுவர். சுவருக்குத் தடிமன் இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டதே இப்படித்தான். முதல் மாடலில் பிளானில் போட்ட ஒற்றைக் கோட்டின் மேலேயே சுவரை நிறுத்தினேன். நான்கு அறையும் வந்தது, குளியலறைக் கதவு வரவேண்டிய இடத்தில் இரண்டு சுவரும் சேர்ந்து கதவையே சாப்பிட்டுவிட்டது. மிச்சம் இருந்தது 9 மில்லிமீட்டர், நிஜத்தில் 45 சென்டிமீட்டர். ஒரு மாத வேலை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (கத்தி என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள், மெதுவாக மூன்று நான்கு தடவை ஓட்டுங்கள். என் இடதுகைக் கட்டைவிரலில் இதற்கான பாடம் தழும்பாகவே இருக்கிறது.)

மாடலில் ஆளை நிறுத்துங்கள். 1.7 மீட்டர் ஆள் 1:50-இல் 3.4 சென்டிமீட்டர், அட்டையில் குத்துமதிப்பாக வெட்டினாலே போதும். அந்தக் குட்டி ஆள் நிற்கும் வரைக்கும் அது பெட்டி, நின்றதும் வீடு. அப்புறம் கூரையை ஒட்டாமல் சும்மா மூடி வைத்து, ஒரு பக்கச் சுவரில் கண் வைக்கிற அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே பாருங்கள். வடக்கைச் சரியாகத் திருப்பி வைத்து மாடலை வெயிலில் கொண்டுபோய் வையுங்கள், காலை, உச்சி, மாலை மூன்று நேரமும். நிழல் விழுவது நிஜ வீட்டில் விழுவதுபோலவே இருக்கும், சூரியனுக்கு ஸ்கேல் கிடையாது. வருஷத்தில் அன்றைய நாளுக்கு மட்டும்தான் அது சரி, மற்ற மாதங்களுக்குக் கணக்குப் போடவேண்டும். மார்ச், செப்டம்பர் 20-ஐ ஒட்டிய நாட்களில் உச்சிவெயிலின் உயரம் 90-லிருந்து உங்கள் ஊர் அட்சரேகையைக் கழித்தால் வருகிற பாகை, ஜூனிலும் டிசம்பரிலும் அதிலிருந்து 23.5 பாகை மேலே கீழே போகும். சாதாரண டார்ச்சை அந்தக் கோணத்தில் பிடித்தால் டிசம்பரையும் பார்த்துவிடலாம், தூரமாகப் பிடிக்கவேண்டும், கிட்டே பிடித்தால் நிழல் விரிந்துவிடும்.

பிக்சல்பித்தன் சொன்ன அந்தச் சாயங்கால வெயில் வியாதி அட்டையில் வராது. சாம்பல் நிற அட்டை, அதில் எதை மறைப்பது?


பழையபென்சில்:

கதவைச் சுவர் சாப்பிட்டது பற்றி: அலுவலகத்தில் நிஜக் கட்டடத்துக்கே இது நடந்திருக்கிறது. யார் என்று சொல்லமாட்டேன். கதவை வேறு பக்கம் வைத்துவிட்டு, முதலிலிருந்தே அதுதான் யோசனை என்று சாதித்துவிட்டார்கள்.


கோடுகிறுக்கி:

எல்லாருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, காரணம் சோம்பல் இல்லை.

அறையை அளந்தேன். 3.62-க்கு 3.04. குறுக்களவு ஒன்று 4.71, இன்னொன்று 4.75. பதினோரு வருஷமாக இந்த அறையில் இருக்கிறேன், இது கோணலாக நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. அலமாரிக்குப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் இடுக்கு விழுந்து, அதில் பேனா, சீப்பு எல்லாம் போய் மாட்டிக்கொள்கிறதே என்று அலமாரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். சுவர் ஒற்றைக் கோடுதான், ஐயா சொன்னது சரி. மூன்று நோட்டிலும் செக்‌ஷன் எண்ணிக்கை: பூஜ்யம். படிக்கட்டு ஒன்றரைக்கு ஒன்றரை இல்லை, 1.4-க்கு 1.4.

அப்புறம் ஓர் ஆளை உருவாக்கிவிட்டேன். ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ், தனியாக இருக்கிறார், விடிந்தபிறகு வீட்டுக்கு வந்து பகலில் தூங்குகிறார். மனை தெருமுனையில் ஆப்பு மாதிரி ஒரு முக்கோணம். முதல் நாள் வழக்கம்போலக் கண்ணாடிச் சுவர் போட்டேன். அவர் எப்படித் தூங்குவார்? அழித்தேன். படுக்கையறையைத் தெருவிலிருந்து தள்ளி உள்ளே கொண்டுபோய், நடுவில் குளியலறையையும் துணி அலமாரியையும் சத்தம் தடுக்கிற சுவர் மாதிரி வைத்தேன். ஜன்னலை உயரமாக, சின்னதாக, திரை இல்லாமல் மரக்கதவு போட்டு அடைக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். பெரிய ஜன்னல் இப்போது சமையலறைக்குப் போய்விட்டது, மேற்கே பார்த்து. அவருக்குக் காலை என்பது சாயங்காலம்தானே. இந்த ஒரு வரி தோன்றியபோது ராத்திரி இரண்டு மணி, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.


மூன்றாம்மாடி:

மேற்கு ஜன்னல் பிரமாதம். வாங்குகிற சம்பளத்துக்கு நாங்கள் இவ்வளவு யோசிக்கிறோமா என்று சந்தேகம் வருகிறது. மேற்கு வெயில் தாழ்வாக நேரே உள்ளே வரும், மேலே சன்ஷேடு நீட்டினால் நிற்காது, பக்கவாட்டில் ஏதாவது யோசியுங்கள். அப்புறம் ஒரு கேள்வி. பகல் 11 மணி, அவர் ஆழ்ந்த தூக்கம். வாசலில் யாரோ பார்சலோடு வந்து மணி அடிக்கிறார். என்ன செய்வார்?


கோடுகிறுக்கி:

அதை யோசிக்கவே இல்லை. மணியையே கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, ஆனால் பார்சல் வெயிலில் கிடக்குமே. கடைசியில் வாசல் சுவரிலேயே இரண்டு பக்கமும் கதவு உள்ள ஒரு பெட்டி வைத்தேன், வெளியே இருந்து போடலாம், உள்ளே இருந்து எடுக்கலாம். பெட்டிக்கு 35 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும், சுவர் 20-தான். சுவரை அந்த இடத்தில் மட்டும் உள்பக்கமாகத் தடிக்க வைத்தேன். பெட்டியைத் தரையிலிருந்து 45-க்குக் கீழே இறக்கி, தடித்த பாகத்தைப் பக்கத்துச் சுவர் வரைக்கும் ஒரு மீட்டர் நீட்டினால் மேலே பலகை போட்டுவிடலாம். விடியற்காலை உள்ளே வந்ததும் உட்கார்ந்து ஷூ கழற்ற ஓர் இடம். பலகைக்கு 15 சென்டிமீட்டர் அகலம்தான் வருகிறது, உட்கார 35 ஆவது வேண்டும். ராத்திரி அதைத்தான் பார்க்கப்போகிறேன்.